கம்பி போடுவது யாருடைய முறை

மகாராஜனின் முகத்தில் அந்தச் சாமானை முதன்முதலாகப் பார்த்தபோது ஷெர்லிக்குச் சிரிப்புத்தான் வந்தது. நெற்றியில் ஒரு பட்டை, மோவாயில் ஒரு கிண்ணம், இரண்டையும் சேர்த்துக்கொண்டு மூக்குக்கு முன்னால் இறங்கும் ஒரு கம்பி. அந்தக் கம்பியிலிருந்து இரண்டு ரப்பர் வளையங்கள் வாய்க்குள் போயின. ஒன்பது வயதுப் பையன் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு, அம்மாவின் பலசரக்குக் கடை வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

"என்னல இது, ராக்கெட்டுல போகப் போறியா?"

"இல்ல அத்தை. மேல்தாடைய முன்னால இழுக்கதுக்கு. தூங்கும்போதும் போட்டுக்கிடணும்."

வளையங்கள் இழுத்ததில் பாதி வார்த்தை குழறியது. உள்ளேயிருந்து அவன் அம்மா செல்லக்கனி எட்டிப் பார்த்தாள்.

"எங்கனக்கா போட்டீங்க?" என்றாள் ஷெர்லி.

"கவர்மெண்டுலதான். துறைமுகம் போற ரோட்டுல இருக்குலா, அந்தப் பல் சென்டருல."

"எப்பப் போய்க் காட்டுனீங்க?"

"பொங்கல் கழிச்சு."

இப்போது ஆனி மாதம். ஷெர்லி வாங்கவந்த முட்டையை மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அவளுடைய மகள் ஃபெபாவின் பெயரை அதே சென்டரில் பதிந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. 'கூப்பிடுவோம்' என்று அன்றைக்குச் சொன்னார்கள். அதற்கப்புறம் எப்போது போய்க் கேட்டாலும் அதே வார்த்தைதான்.

ஃபெபாவுக்குப் பதின்மூன்று வயது. மேல்வரிசையில் ஒரு பல் இடமில்லாமல் ஈறின் உச்சியில் துருத்திக்கொண்டு நிற்கும். நாசரேத்திலிருந்து வரும் உறவுக்காரப் பெண்களெல்லாம் "தெத்துப்பல்லு அதிர்ஷ்டம்ளா, அதப் போய் ஏன் எடுக்கணும்" என்பார்கள். ஃபெபாவோ சிரிப்பு வந்தால் உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வாள். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் நாற்பது பிள்ளைகளும் சிரிக்க, இவள் மட்டும் தேர்வு எழுதப் போகிறவள் மாதிரி நிற்பாள். தனியார் கிளினிக்கில் போய் விசாரித்தார்கள். அங்கே சொன்ன தொகையைக் கேட்டதும் ஷெர்லியின் கணவன் ஷாம் பைக்கைத் திருப்பினான். அனல்மின் நிலையத்தில் காண்டிராக்ட் எலக்ட்ரீஷியன் அவன்.

மகாராஜன் விஷயத்தைக் கேட்டதும் அவன் உடனே சொன்னான். "செல்லக்கனியோட தம்பி கட்சியில இருக்கான்லா. அவன் சொல்லியிருப்பான். முடிஞ்சுபோச்சு."

"அப்படின்னா அந்த அக்காகிட்டயே கேட்டுருவோம்."

"ஏளா, அதப் போய்க் கேப்பாங்களா யாராவது?"

ஷெர்லி கேட்பாள். பதினைந்து வருடமாக ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் கரையிலிருந்து தகவல் சொல்வதுதான் அவள் வேலை. நிலக்கரிக் கப்பலோ உரக்கப்பலோ, எல்லாக் கேப்டனும் கேட்பது ஒன்றைத்தான்: எனக்கு பெர்த், அதாவது கரையணைய இடம், எப்போது? முன்னால் யார் யார் நிற்கிறார்கள், யாருக்கு முன்னுரிமை, அது ஏன், பழுதான கிரேன் எப்போது சரியாகும் என்று தினமும் காலையில் அவள் எழுதி அனுப்புவாள். காரணம் தெரிந்த கேப்டன் நாலு நாள் தாமதத்தைக்கூடத் தாங்கிக்கொள்வான். காரணம் தெரியாதவன்தான் மணிக்கொரு தரம் போன் போட்டு உயிரை எடுப்பான். ஆகவே ஒரு வரிசை முன்பின்னாக மாறினால் அதன் பின்னால் ஒரு காரணம் இருக்கும் என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். அது நல்ல காரணமா கெட்ட காரணமா என்பதுதான் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

மறுநாள் சாயங்காலம் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேவிட்டாள். செல்லக்கனி சீனி அளந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"என் தம்பியா? ரேஷன் கார்டுல மகாராஜன் பேரச் சேக்கதுக்கே அவன் எனக்கு ஒத்தாசை பண்ணல. தெருவுல இப்படியா பேசிக்கிடுதாவ?"

"தெருவ விடுங்கக்கா. நான் தெரிஞ்சுக்கிடணும்னுதான் கேட்டேன்."

செல்லக்கனி சீனிப் பொட்டலத்தைக் கட்டினாள். முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் அவள் சொன்னது வேறு. "எனக்கே ஆச்சரியந்தான் ஷெர்லி. இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கூப்பிட்டாவன்னு. கேட்டா, ஐயோ தப்பாக் கூப்பிட்டுட்டோம்னு திருப்பி அனுப்பிருவாவளோன்னு பயந்து கேக்காம இருந்துட்டேன்."

கிடைத்தவளுக்கும் ஏன் கிடைத்தது என்று தெரியவில்லை. ஷெர்லிக்கு இது கூடுதல் சுவாரசியமாகிவிட்டது.

அடுத்த வாரம் அரை நாள் லீவு போட்டுவிட்டு சென்டருக்குப் போனாள். பதிவு கவுண்டரில் பானுப்ரியா என்ற பெண் இருந்தாள். குனிந்த தலை நிமிராமல் "கூப்பிடுவோம்க்கா" என்றாள்.

"கூப்பிடுங்க. எங்க பிள்ளைக்கு முன்னால எத்தன பேரு இருக்காவ?"

"அது தெரியாதுக்கா."

"வரிசைப்படிதான கூப்பிடுவீங்க?"

"வரிசைப்படிதான்."

"பிந்தி வந்த பையனுக்கு முந்திப் போட்டிருக்கே?"

"அது டாக்டர் சொல்லுதது."

"டாக்டர் எத வச்சுச் சொல்லுதாவ?"

பானுப்ரியா அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "இது வரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லக்கா. எப்போ, எப்போன்னுதான் கேப்பாவ." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கும் தெரியாது" என்றாள். டாக்டர் செவ்வாயும் சனியும் மட்டும்தான் வருவார் என்றும், மற்ற விவரங்களுக்கு மேலே உள்ள அலுவலகத்தில் கேட்கலாம் என்றும் சொன்னாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு அதிகாரி பொறுமையாகவே பேசினார். கம்பியும் மற்ற சாமான்களும் வாங்கிக் கொடுப்பது அவர்கள் பொறுப்பாம். யாருக்கு முதலில் போடுவது என்பது சென்டரின் பொறுப்பாம்.

"கொடுத்ததுக்கப்புறம் நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்களா சார்?"

"அதெப்படிம்மா கேக்காம? எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டாங்கன்னு மாசாமாசம் ரிப்போர்ட் வருது."

"எத்தன பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குன்னு?"

அவர் ஒரு காகிதத்தை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். உண்மையாகவே தேடினார். "அதுக்கு இதுல இடம் இல்லம்மா" என்றார், தாமும் இப்போதுதான் கவனித்தவர் போல.

திரும்பி வரும் பஸ்ஸில் ஷெர்லி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். யாரும் அவளை விரட்டவில்லை. யாரும் கை நீட்டவில்லை. பொய்கூடச் சொன்ன மாதிரி தெரியவில்லை. ஆனால் தன் மகளுக்கு ஏன் இன்னும் கம்பி போடவில்லை என்று சொல்ல வேண்டிய ஆள் என்று ஒருவரும் இல்லை. இதைவிட யாராவது லஞ்சம் கேட்டிருந்தால் விளங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலையில் அவள் சென்டர் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் டாக்டருக்காக நின்றாள். டாக்டர் வேதமணி திருநெல்வேலியிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு பை, கையில் சாப்பாட்டுக் கூடை.

"சார், சண்டை போட வரல. ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிடணும். யாருக்கு முதல்லன்னு எப்படி முடிவு பண்ணுதீங்க?"

சண்டை போட வரவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்து சண்டை போட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். நடையை வேகப்படுத்தினார். அவள் கூடவே நடந்தாள். மகாராஜனைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெயரைக் கேட்டதும் அவருடைய வேகம் குறைந்தது.

"அந்தப் பையனுக்கு மேல்தாடை வளரல, கீழ்த்தாடை முன்னால போயிட்டிருக்கு. இந்த வயசுல இழுத்தா வரும்மா. எலும்பு இறுகிட்டா வராது. அப்புறம் பெரியவனானா தாடையை அறுத்து ஆப்பரேஷன்தான். அதனால முன்னால கூப்பிட்டேன்."

"இது நல்ல காரணம்லா சார்! இத ஏன் யாருகிட்டயும் சொல்லல? அவங்க அம்மாவுக்கே தெரியலையே."

"வாசல்ல அறுபது பேர் நிக்கும்போது…" என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை.

"இந்த மாதிரி முன்னால கூப்பிட வேண்டிய பிள்ளைங்க யாரு யாருன்னு எழுதி வச்சிருக்கீங்களா?"

"மனசுல இருக்கு."

"நீங்க லீவுல போனா?"

அவர் சென்டருக்கு எதிரே இருந்த டீக்கடை பக்கம் கையைக் காட்டினார். இரண்டு டீ சொன்னார்.

"என் பிள்ளையப் பார்த்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது சார். இப்ப அவ வாய் எப்படியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது." டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "உங்க பிள்ளை மட்டுமில்ல. காத்திட்டிருக்கிற ஒரு பிள்ளையோட வாயும் இன்னைக்கு எப்படியிருக்குன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு நாற்காலில ஒண்ணு ஓடல. ஒரு பிள்ளைக்குக் கம்பி போட ஒரு மணி நேரம் ஆகும். போட்ட பிள்ளைகளை மாசாமாசம் பார்க்கணும். வெளிய நிக்கிறவங்களை நினைக்கவே நேரமில்ல. நினைச்சா வேலை ஓடாதுன்னும் வச்சுக்கோங்க."

டீயை ஒரு மிடறு குடித்தார். பிறகு, யாரிடமோ கேட்பது போல, "சும்மா வாயைத் திறந்து பார்க்க அஞ்சு நிமிஷம் போதும்" என்றார்.

அவர்தான் அதை முதலில் சொன்னார். எல்லோரையும் கூப்பிட்டு ஒருமுறை பார்த்துவிட்டு, யாருக்கு எவ்வளவு அவசரம் என்று பிரித்துவிடலாமா என்று. பிரித்ததை வெளியே எழுதி ஒட்டுங்கள் என்றாள் ஷெர்லி. அதற்கு மட்டும் அவர் தயங்கினார்.

"ஒட்டினா பின்னால போறவங்க எல்லாம் சண்டைக்கு வருவாங்க. உங்க பிள்ளையே பின்னால போகலாம். அப்ப என்ன செய்வீங்க?"

"ஏன்னு கேப்பேன்."

வேதமணி சிரித்துவிட்டார்.

பானுப்ரியா போன் போட்டுப் போட்டுக் கூப்பிட்டாள். அடுத்து வந்த இரண்டு சனிக்கிழமைகளிலும் புதிதாக யாருக்கும் கம்பி போடவில்லை, பார்ப்பது மட்டும்தான். ஃபெபாவின் முறை இரண்டாவது சனிக்கிழமை. அந்தக் கூடத்தில் அவ்வளவு பிள்ளைகளை ஷெர்லி எதிர்பார்க்கவில்லை. பெயர் பதியும்போது ஆறாம் வகுப்பில் இருந்த ஒரு பையனுக்கு மீசை அரும்பியிருந்தது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து விடியுமுன்னே பஸ் ஏறி வந்த ஒரு தாய் பெஞ்சிலேயே தூங்கிவிட்டாள். முதலில் பிள்ளைகள் எல்லோரும் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் தொடங்கி வைத்தது என்று தெரியவில்லை, கொஞ்ச நேரத்தில் ஒருவருக்கொருவர் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். "உனக்கு என்ன?" "எனக்கு ரெட்டைப் பல்லு. உனக்கு?" ஃபெபா கையை எடுத்துவிட்டுத் தன்னுடையதைக் காட்டுவதை ஷெர்லி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஃபெபாவிடம் காட்டிக்கொண்டிருந்தவள் ஜோஸ்லின் என்ற பெண். அவளுக்கு வாயில் கோணல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு பால்பல் மட்டும் விழாமல் இருந்தது. அவளோடு வந்த அப்பா பெவின் விசைப்படகில் வேலை செய்பவர். அன்று கடலுக்குப் போகாமல் வந்திருந்தார்.

ஜோஸ்லினை உள்ளே கூப்பிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, மறுபடி கூப்பிட்டார்கள். உள்ளறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். கூடம் சத்தமாக இருந்தாலும் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷெர்லிக்கு உள்ளே பேசுவது கேட்டது.

"இங்க பாருங்க," என்றது வேதமணியின் குரல். "பால்பல் விழாததுனால, அடியில இருக்கிற பல்லு வெளிய வர வழியில்லாம சாய்ஞ்சு போயிருக்கு. போய்ப் பக்கத்துப் பல்லோட வேரை அரிச்சிருக்கு."

"எதனால டாக்டர்? மிட்டாய் தின்னதாலயா?"

"இல்ல. இவ செஞ்ச தப்பு எதுவுமில்ல, நீங்க செஞ்சதும் இல்ல. போன வருஷமே பார்த்திருந்தா, அந்தப் பால்பல்லை எடுத்துவிட்டாலே இது அநேகமாத் தானா இறங்கியிருக்கும். நாங்க கூப்பிடல. பிந்தினது நாங்கதான்."

ஷெர்லி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அப்பா இப்போது என்ன செய்வார்? கத்துவாரா? நாற்காலியைத் தள்ளுவாரா? கத்தினால் யாரும் குறை சொல்ல முடியாது.

"அந்தப் பல்லு போயிருமா?" என்றார் பெவின்.

"போகலாம். போகாம இருக்க என்ன செய்ய முடியுமோ இன்னைக்கே தொடங்குதேன்."

"இதே மாதிரி வேற பிள்ளைக்கு இருக்கான்னு பாத்துட்டீங்களா?"

"அதுக்குத்தான் எல்லாரையும் வரச் சொன்னேன்."

"பாருங்க," என்றார் பெவின். வெளியே வரும்போது அவர் முகம் இறுகிக் கிடந்தது. மகளின் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டே எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஷெர்லி எழுந்து இடம் கொடுத்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். ஆனால் என் பிள்ளைக்கு இப்படி இருந்துவிடக் கூடாதே என்பதுதான் அந்த நேரத்தில் மனதில் ஓடியது. அதற்காகப் பிற்பாடு வெட்கப்பட்டாள்.

ஃபெபாவுக்கு அப்படி எதுவும் இல்லை. வேர்கள் பத்திரமாக இருந்தன.

இரண்டு வாரம் கழித்துக் கூடத்தில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. பெயர்கள் இல்லை, டோக்கன் எண்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏறத்தாழ எந்த மாதம் என்றும், ஏன் என்றும் எழுதியிருந்தது. 'வேர் பாதிப்பு.' 'வளர்ச்சி முடியுமுன்.' ஷெர்லி மேலிருந்து கீழே தேடிக்கொண்டே வந்தாள். ஃபெபாவின் எண் நினைத்ததைவிட ரொம்பக் கீழே இருந்தது. எதிரே 'பல் நெருக்கம், காத்திருக்கலாம்' என்று இருந்தது. தை மாதம் என்று போட்டிருந்தது. பதிந்த வரிசைப்படியே விட்டிருந்தால் தீபாவளிக்கு முன்னால் முடிந்திருக்கும் என்றாள் பானுப்ரியா, மெதுவாக.

ஷெர்லி நேராக உள்ளே போனாள். ஏன் என்று கேட்டாள். வேதமணி சொன்னார். இந்தப் பல்லை இப்போது சரி செய்தாலும் ஆறு மாதம் கழித்துச் செய்தாலும் பலன் ஒன்றுதான், இவளுக்கு முன்னால் போயிருக்கும் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. அவளால் அதை மறுக்க முடியவில்லை. ஆனாலும் அங்கிருந்து நகரவில்லை.

"வாயப் பொத்திக்கிட்டுத்தான் சார் சிரிக்கா. ரெண்டு வருஷமா. அது இதுல எந்தக் கணக்குல வரும்?"

அவர் கையுறையைக் கழற்றினார். "வரல," என்றார். "வரணும். அதை எப்படி அளக்குறதுன்னு எனக்குத் தெரியல."

அது நேர்மையான பதில் என்பது அவளுக்கும் தெரிந்தது. வீட்டில் அதை விளக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"நீ போய்க் கேட்டதாலதான் எனக்குப் பிந்திச்சு!" என்று ஃபெபா கத்தினாள். "பேசாம இருந்திருந்தா எனக்கு முதல்லயே போட்டிருப்பாவ!"

ஷாம் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு டி.வி. சத்தத்தைக் குறைத்தான். மகள் சொன்னது உண்மைதான். ஃபெபா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "அந்த ஜோஸ்லின் எத்தனாவது?" என்று கேட்டாள். அவளுக்குத் தொடங்கியாச்சு என்றாள் ஷெர்லி. "ம்" என்றாள் ஃபெபா. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவளே சென்டரில் இறங்கிப் பலகையைப் பார்த்துவிட்டு வரத் தொடங்கினாள். இன்னாருக்கு முடிந்துவிட்டது, இன்னாருக்கு ஏன் தள்ளிப்போட்டிருக்கிறது என்று ராத்திரிச் சாப்பாட்டில் செய்தி வாசிப்பாள்.

வேதமணி சொன்ன மாதிரியே சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் பலகையையே கழற்றிவிடப் பார்த்தார். ஆனால் பெரும்பாலானவர்கள் வந்து நின்று வாசித்துவிட்டு, பானுப்ரியாவிடம் இரண்டு சந்தேகம் கேட்டுவிட்டுப் போனார்கள். மாத அறிக்கையின் அடியில் வேதமணி, காத்திருப்போர் இத்தனை பேர் என்று கையால் ஒரு வரி சேர்த்து அனுப்பினார். முதல் மாதம் இது எதற்கு என்று மேலிருந்து கேட்டார்கள். பிறகு ஒருவர் வந்து ஓடாத நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அடைமழை முடிந்தபோது அது ஓடத் தொடங்கியிருந்தது. வேர் அரித்திருந்த ஜோஸ்லினின் முன்பல் கொஞ்சம் ஆடியது. ஆனால் விழவில்லை. விழாது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

தை வந்தது. ஃபெபாவைக் கூப்பிடவில்லை. பலகையில் அவள் எண்ணுக்கு எதிரே, 'பிராக்கெட் வரவில்லை, மாசியில்' என்று திருத்தியிருந்தது. அதைக் கண்டுபிடித்து வந்து அம்மாவிடம் சொன்னதும் ஃபெபாதான்.

மாசியில் கூப்பிட்டார்கள். சரி செய்த நாற்காலியில் அவளைச் சாய்த்து, வேதமணி பல்லின் மேல் பிராக்கெட் என்கிற சின்னச் சின்ன உலோகத் துண்டுகளை ஒட்டிக்கொண்டே வந்தார். ஷெர்லி திரைக்கு உள்பக்கம் நின்றாள். வாயை அகலப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கை எடுத்ததும் ஃபெபா உமிழ்நீரைக் கூட்டி விழுங்கிவிட்டுக் கேட்டாள்:

"சார், பல்லு எலும்புக்குள்ளதான நிக்கி. பல்ல நகத்துனா அந்த எலும்பு எங்கன போகும்?"

வெளியே பெஞ்சு நிறைந்திருந்தது. வேதமணி ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு ஸ்டூலை அவள் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்ல கேள்வி. எங்கயும் போகாது. பல்லு எந்தப் பக்கம் நகருதோ, அந்தப் பக்கத்து எலும்பை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்கும். பின்பக்கம் காலியான இடத்துல புதுசா எலும்பு வளர்க்கும்."

"எலும்பு கரையுமா?" ஃபெபா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியில் தன் பல்லை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "அப்ப கரைக்கதுக்கு எந்த இடம்னு அதுக்கு யாரு சொல்லுவா?"

அவரும் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து, விரலால் காட்டிச் சொல்லத் தொடங்கினார். ஷெர்லி ஓரடி முன்னால் வந்து தானும் எட்டிப் பார்த்தாள்.